வாயில் கவ்விய பறி

அப்போதெல்லாம் எனக்கு மூக்கு நுனியில் கோபம். எழுபதுகளின் தொடக்கம். எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்தி நாற்று நட என்னைப் போட்டிருந்தார்கள். தற்காலிக வேலை, நாற்று பிடித்தால்தான் நிரந்தரம். வியாசர்பாடியில் பிறந்தவனுக்கு மழைக்காலத் தெருச்சேறுதான் தெரியும், கழிமுகச் சேற்றைப் பற்றி என்ன தெரியும்?

தண்ணீர் வற்றியிருந்த நேரம் பார்த்து, நூல் பிடித்தாற்போல் வரிசையாக நட்டேன். சுற்றிலும் கயிறு கட்டினேன். இறால் தடவ வந்த பெண்களை, "மிதிக்காதீங்க, போங்க அந்தாண்ட!" என்று விரட்டினேன். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் பிடிப்பவர்கள் அவர்கள். பிடித்ததைப் போடும் ஓலைக்கூடைதான் பறி. அதைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். பேச வேண்டுமென்றால் எடுக்க வேண்டும். ஒருத்தி மட்டும் எடுத்தாள்.

"நைனா, இவ்ளோ பள்ளத்துல நட்டுகினு கீறியே, தண்ணி ஏறுனா அல்லாத்தையும் வாரிகினு பூடும்."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ உன் வேலையைப் பாரும்மா" என்றேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

மறுநாள் காலையில் பார்த்தால், நாற்றெல்லாம் வேரோடு மிதக்கிறது. அடுத்த நாள் அதிகாரி பார்வையிட வருகிறார். என் அம்மாவோ தெரு முழுக்க, "என் புள்ளைக்கு கவருமெண்டு வேல" என்று சொல்லி வைத்திருந்தாள். தலையில் கைவைத்துக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எச்சரித்த அந்தப் பெண் வந்தாள். முந்தின நாள் பேச்சைச் சொல்லிக் காட்டவே இல்லை. "இன்னாத்துக்கு பேஜாராவுற? எந்திரி" என்று சொல்லி, மற்ற பெண்களையும் கூப்பிட்டாள். மிதந்ததையெல்லாம் பொறுக்கி, தண்ணீர் வந்து கணுக்காலை நனைத்துவிட்டுத் திரும்பும் மேட்டில் நட்டார்கள். குதிகாலால் சேற்றை அழுத்தி அழுத்தி விட்டார்கள். அன்று ஒருத்தியும் இறாலுக்குப் போகவில்லை.

"எனக்காகவா இவ்வளவும்?" என்று கேட்டேன்.

"ஆமா, இவரு பெரிய மாப்ள! இந்த கண்டல் செடி இருந்தாத்தான் இறாலு தங்கும். ஒனக்கு வேல, எங்களுக்கு சோறு."

அதிகாரி வந்தார். வரிசை கோணல்மாணல்தான், ஆனால் எல்லா நாற்றும் நின்றது. "பிரமாதம்! யார் நட்டது?" என்று கேட்டார். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

தண்ணீரில் இருந்தவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"அவுருதான் நட்டாரு சார். எங்கள கிட்டயே வுடல."

மறுபடியும் கவ்விக்கொண்டாள்.

அந்த மகராசியின் புண்ணியத்தில் ரிட்டயர் ஆகும்வரை அந்த வேலையில் சோறு தின்றேன். அன்று அதிகாரியின் ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் நான் செய்த முதல் வேலை, அவர்களைத் தடுக்கக் கட்டிய அந்தக் கயிற்றை அவிழ்த்ததுதான்.