எங்கள் பிளசரைக் கடித்த எலி

எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. தாயில்லாத நாத்தனார் பிள்ளைகள் மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஏழில் ஒன்றுகூட கைநாட்டு இல்லை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஒரு வரி எழுதி முடிக்க ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகிறது. ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. அப்போது யாரும் கார் என்று சொல்ல மாட்டார்கள், பிளசர் என்றுதான் சொல்வார்கள். அப்பா வாங்கும்போதே அது கிழம். ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்று திறந்துகொள்ளும். ஆனாலும் வலி கண்ட பெண்களைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். அப்பாவுக்கு அதில் உட்காரத் தெரியும், ஓட்டத் தெரியாது. ஓட்டியது மாமா, அம்மாவின் தம்பி. திருநாவலூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் அக்கா உள்ளே ஏறிச் சீட்டையெல்லாம் துடைப்பாள். அவளுக்குப் பதினாலு வயது. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். என்ன பொறுப்பான பெண் என்று எல்லோரும் மெச்சினார்கள். ஒரு வண்டியைத் துடைக்க ஒரு மணி நேரமா என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது பிளசருக்கு ஒரு சீக்கு வந்தது. மாலையில் நன்றாக ஓடிவந்து நிற்கும், காலையில் சாவியைத் திருப்பினால் முனகக்கூட முனகாது. பேட்டரியைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிவந்தார்கள். இரண்டு நாள் தாங்கவில்லை. அந்தச் சமயத்தில் கரியாலூர்ப் பக்கமிருந்து ஒரு பெண்ணை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு மலை இறங்கி வந்தார்கள். வண்டி கிளம்பவில்லை. தெருவே கூடித் தள்ளியது. வழியிலேயே பிள்ளை பிறந்தது, நல்லவேளை இரண்டு உயிரும் பிழைத்தது. அன்றைக்கே அப்பா மாமாவின் தகரப்பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்துக்குக் கரண்டு வராத காலம். கல்யாணம், கூத்து எல்லாவற்றுக்கும் மைக் செட்டு பேட்டரியில்தான் பாடும்.

"பேட்டரியக் கழட்டி மைக் செட்டுக்காரனுக்கு வாடகைக்கு வுட்றான். இன்னாடா, வாயில கொழுக்கட்டையா? பதில் சொல்லு!"

மாமாவைப் பார்த்து அப்பா கத்தினார். கள்ளக்குறிச்சியிலிருந்து மெக்கானிக் பாய் வருவார், கோளாறு வண்டியில் என்றால் மாமா இருக்கலாம், இல்லையென்றால் மத்தியான பஸ்ஸில் திருநாவலூர் போக வேண்டியது என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

பாய் வந்தார். பேட்டரியில் ஒரு ஒயரைக் கழற்றி, நடுவில் நீளமான ஒயர் வைத்து ஒரு சின்ன பல்பைக் கோத்தார். பல்பை என் கையில் கொடுத்து, திறந்திருந்த பின் கதவுக்கு அருகில் நிற்கவைத்தார்.

"எல்லாத்தையும் அணைச்சாச்சிம்மா. சாவியும் என் ஜோபியில. இப்ப இது எரியக் கூடாது. எரிஞ்சா வண்டிக்குள்ள ஏதோ குடிச்சிக்கினு இருக்குதுன்னு அர்த்தம்."

பல்பு பீடி நுனி மாதிரிச் சிவந்து எரிந்தது.

"குடிக்கிறவன் அதோ நிக்கிறான்" என்றார் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்த அப்பா.

"நீங்க சும்மா இருங்க முதலாளி. நீ பல்பையே பாரு, கண்ணு. அணைஞ்சா கத்து."

அவர் பியூஸைப் பிடுங்கினார். எரிந்தது. ஹாரன் ஒயரைக் கழற்றினார், டைனமோ ஒயரைக் கழற்றினார். அப்போதும் எரிந்தது.

"வண்டியில இருக்கிற ஒயரெல்லாம் கழட்டியாச்சி. அப்ப வண்டியோட பொறக்காத ஒயர் ஒண்ணு இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாய் வண்டிக்குள் குனிந்து அடித்தரையைக் கையால் தடவிக்கொண்டே போனார்.

வெளி ஆண்கள் வந்தால் எட்டிப் பார்க்காத அக்கா, அப்போது நிலைப்படிக்கு வந்து நின்றாள். ஒரு படி இறங்கினாள். மாமா முகத்தை நிமிர்த்தாமலே வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

முன் சீட்டுக்கு அடியில், மிதியடிக்குப் பின்னால் ஒரு கொட்டாங்குச்சி கவிழ்ந்திருந்தது. பாய் எடுத்தார். அதற்குள் ஒரு குட்டி பல்பு, என் கையில் இருந்ததைப் போலவே சிவந்து எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பாடப் புத்தகம். பாய் புத்தகத்தைப் பார்த்தார், நிலைப்படியைப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கினார்.

"அணைஞ்சிடுச்சி!" என்று நான் ஊருக்கே கேட்கும்படி கத்தினேன்.

"இன்னா பாய் அது?" என்று அப்பா எழுந்தார்.

"எலிங்க. ஒயரக் கடிச்சி வச்சிருக்குது, அது வண்டி பாடிய முட்டிக்கினு இருந்திச்சி. சுத்திலும் கரும்புக் கொல்லை, எலிக்கு இன்னா கம்மி? உங்க மச்சான் பாவம்."

அப்பா மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. தகரப்பெட்டியைத் தானே தூக்கி உள்ளே வைத்தார். அப்புறம் ஒரு எலிப்பொறி வாங்கிச் சீட்டுக்கு அடியில் வைத்தார். பல மாதம் தேங்காய்ச் சில்லு மாற்றினார். ஒரு எலியும் விழவில்லை. பொறிக்குப் பயந்து ஓடிவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

அக்கா ஒளிந்து படிக்கப் பல்பைக் கட்டிக் கொடுத்தது மாமா. படித்து முடித்ததும் பல்பைத் திருகித் தளர்த்திவிடு என்று சொல்லியிருந்தாராம். அக்காவுக்கு ஷாக் அடிக்கும் என்று பயம். எங்கள் வீட்டில் பெண்கள் விளக்கை வாயால் ஊத மாட்டோம், திரியை உள்ளே இழுத்துத்தான் அமர்த்துவோம். இதற்கோ திரி இல்லை. மூடி வைத்தால் போதும் என்று நினைத்துவிட்டாள். வெளிச்சம் தெரியாவிட்டால் எரியவில்லை என்றுதானே நினைப்போம். இதெல்லாம் எனக்குக் கல்யாணமான பிறகு அவளே சொன்னது.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. பாய் புத்தகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி, "அக்காகிட்ட மட்டும் குடு" என்று என்னிடம் கொடுத்திருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். "நான்தான் கண்டுபிடிச்சேன். நான்தான் மொதல்ல கத்தினேன்" என்றேன். அக்கா துணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மாமாதான் போகவில்லையே, எதற்கு அழுகிறாள்? மண்ணெண்ணெய் நாற்றம் கண்ணைக் கரிக்கிறது போல என்று நினைத்து, நான் ஓடிப்போய் எல்லோரிடமும் மறுபடியும் என் கெட்டிக்காரத்தனத்தைச் சொன்னேன். எது அணைந்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இங்கே வா, பேத்திக் கண்ணு. பாட்டி எழுதினதைப் படித்துக் காட்டு. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படி.