எலியண்ணனின் வலது கால்

எங்கள் ஆய்வகத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் எலியண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அதே வேலை. நான் அங்கே கூண்டு கழுவுகிறவள். எந்த எலி தின்னவில்லை, எது சுருண்டு கிடக்கிறது என்று உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிடுவார். குட்டி போட்ட எலியிடம் மட்டும், "கொஞ்சம் நகரு தாயே" என்று பணிவாகப் பேசுவார். நான் கிண்டல் செய்தால், "உன்கிட்ட பேசறதுக்கு இது தேவலை" என்பார்.

ஆறேழு மாதத்துக்கு முன்னால், கூண்டு அடுக்கும் இரும்பு ராக், சக்கரம் கழன்றதில் சரிந்து, அவருடைய வலது பாதத்தில் விழுந்தது. எலும்பில் விரிசல். இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார். எலும்பு கூடிவிட்டது, வலி போகவில்லை. மின்விசிறிக் காற்று பட்டால் எரிந்தது. காலுறை உரசினால் முகம் கோணியது. வேலை நேரம் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட வேண்டும் என்பது விதி. அவர் செருப்போடு வந்தார்.

அதற்குத்தான் அவரை நிர்வாகத்தின் டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த மகராசன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்பு கல்லு மாதிரி இருக்கு. வேலைக்கள்ளிக்குப் பிள்ளை சாக்கும்பாங்க, உங்களுக்குக் கால் சாக்கா?" என்று கேட்டாராம். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரமே கடிதம் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து பூட்ஸ் போடாவிட்டால் வேலை கிடையாது. கீழே எங்கள் ஆய்வகத் தலைவி மேடத்தின் கையெழுத்து. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் மேடத்தின் ஆராய்ச்சியே வலிதான்.

வெள்ளிக்கிழமை மாணவர்கள் சிலர் ஆய்வகம் பார்க்க வந்தார்கள். கம்பி வலைமேல் எலியை விட்டு, கீழேயிருந்து மெல்லிய நைலான் நூலால் அதன் பாதத்தைத் தொட்டுக் காட்டினார் மேடம். எலி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது. எந்தத் தடிமன் நூலுக்கு இழுத்தது என்று அதன் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

"அடிபட்ட நரம்பு முதுகுத்தண்டுல குளுட்டமேட்னு ஒரு வேதிப்பொருளைக் கொட்டுது. அது வலியைத் தூண்டற தூதன். அதை அடக்க காபான்னு இன்னொரு தூதன் இருக்கு. தூண்டறவன் கை ஓங்கி அடக்கறவன் கை தளர்ந்துட்டா, சும்மா தொட்டாலே வலிக்கும். காயம் ஆறியிருக்கும். ஆனா முதுகுத்தண்டு கத்திக்கிட்டே இருக்கும். இந்த எலி நடிக்கலை, இதுக்கு நிஜமாவே வலிக்குது."

எலியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார் அண்ணன், வலது காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மாணவர்கள் போனதும் அண்ணன் செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்தார்.

"எலிக்கு வெக்கற நூலை எனக்கும் வெச்சுப் பாருங்க மேடம்."

மேடம் சிரித்தார். "என்னண்ணே இது, உங்களுக்குன்னா டாக்டர் இருக்காரே."

"அவரு படத்தைப் பாத்தாரு. நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

"ஆபீஸ்ல இருந்து வந்த கடிதம்ணே. கட்டுக்கட்டா வரும், படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன்."

எனக்கு நாக்கு அடங்கவில்லை. "எலி காலை இழுத்தா எழுதி வெக்கறீங்க. மனுஷன் வாய்விட்டுச் சொன்னா நடிப்பா? நாங்க என்ன, எலியை விடக் கேவலமா?"

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். மேடம் நூல் பெட்டியைத் திறந்தார். முதலில் இடது பாதம். நடுத்தர நூல், அதைவிடத் தடித்தது, இன்னும் தடித்தது. அண்ணன் அசையவில்லை. பிறகு வலது பாதம். மெல்லிய நூல் ஒன்றை எடுத்தார். கொசு உட்காரும் அளவுகூட அழுத்தம் இருக்காது. அண்ணன் துள்ளியதில் ஸ்டூல் உருண்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

மேடம் பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தவர், எழுதாமல் நிறுத்தினார்.

"எத்தனை நாளாண்ணே இப்படி?"

"வேலைக்குத் திரும்பி வந்து தொண்ணூத்தி ரெண்டு நாள் மேடம்" என்றார். ராக் விழுந்தபோதுகூட அழாத மனுஷன், அந்த ஒரு கேள்விக்குத் தேம்பித் தேம்பி அழுதார்.

கடிதம் திரும்பப் பெறப்பட்டது. மேடமே வலி சிகிச்சை நிபுணரிடம் கூட்டிப்போனார். நரம்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது காலுறை போட முடிகிறது, பூட்ஸ் இன்னும் முடியவில்லை. உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். மேடத்துக்குத் தங்கமான மனசு என்று ஊரெல்லாம் பேச்சு. அண்ணனும் அதையேதான் சொல்கிறார்.

என்னிடம் மட்டும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். தொண்ணூற்றிரண்டு நாளும் அண்ணன் நொண்டிக்கொண்டே எலியைக் கொண்டுவந்து கொடுத்தார். மேடம் தினமும் குனிந்து எலியின் காலைப் பார்த்தார். இன்னும் ஒரு சாண் குனிந்திருந்தால் அண்ணன் காலும் கண்ணில் பட்டிருக்கும்.