அருவிக்குக் கீழே அரைநாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத்தில் ஒரு அருவி விழுகிறது. அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். எங்களுக்கு அது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. சத்தம் நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்போம். அருவி விழும் குளத்திலிருந்து தொங்குபாலம் வரைக்கும், பிறகு நாங்கள் துணி துவைக்கும் துறை வரைக்கும், ஆறு பாறைகளுக்கு நடுவில் நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் ஒற்றை ஆள் உட்காரும் சின்னப் படகில் இறங்கிப் போவதற்கென்றே காசு செலவழித்து வருகிற ஒரு கூட்டம் உண்டு. அந்தப் படகுக்குக் கயாக் என்று பெயர்.

நான் இரண்டு வருடம் கயாக் சுமந்தேன். தேயிலைச் செடியைத் தறிக்கும் கவ்வாத்து வெட்டு முடிந்த பின்னேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ரோட்டிலிருந்து தேயிலைக்குள்ளால் குளம் வரை கொண்டுபோய் இறக்குவேன். கொழுந்துச் சாக்கு மாதிரி தலையில் கவிழ்த்து வைத்துக்கொண்டால் பாரமே தெரியாது. முகம் படகுக்குள்ளே இருக்கும், யாரோடும் பேச வேண்டியதில்லை. அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஆற்றோரக் கேம்பில் படகுக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் ஒரு சிங்களப் பொடியன். இருபத்தாறு வயதிருக்கும். தமிழை எங்கள் லயத்து வரிசை வீடுகளில்தான் பொறுக்கிக்கொண்டான். ஒருநாள் அவன் சொன்னான்: "அண்ணா, கேம்புக்கு நிரந்தரமா ஒரு ஆள் வேணும். மாசச் சம்பளம். நீங்க வாறதா?"

எனக்கு வயது நாற்பத்தாறு. கவ்வாத்துக் கத்தி என் வலது தோளைப் பாதி தின்று முடித்திருந்தது. கையைத் தூக்கித் தலை சீவ முடியாமல், குனிந்து தலையைக் கொண்டுபோய் சீப்பில் கொடுத்துக்கொண்டிருந்தேன். வருகிறேன் என்றேன்.

"ஆனா ஒரு சட்டம் இருக்குது. சும்மா சுமக்கிற ஆள் வேணாம். குளத்திலயிருந்து துவைக்கிற எடம் வரைக்கும் நீங்களே ஓட்டி வரணும். கவிழலாம், பிரச்சினை இல்ல. நடந்து வரக் கூடாது."

மூன்று மாதம் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் பழக்கினான். படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பில் ஒரு ரப்பர் பாவாடை கட்டி, அதன் விளிம்பைப் படகின் வாயில் மாட்ட வேண்டும். கவிழ்ந்தால் பாவாடையின் முன்னாலிருக்கும் வாரை இழுத்துக் கழற்றிக்கொண்டு வெளியே வர வேண்டும். கவிழ்வதும் இழுப்பதும் எனக்கு நன்றாக வந்தது. பாவாடையோடு ரோட்டில் நடப்பதுதான் வரவில்லை.

ஆற்றில் ஓட்ட நாள் குறித்ததை மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் தன் அண்ணனிடம் மட்டும் சொன்னாள். என் மச்சான் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கிறவர். கோயில் திருவிழாவும் அவர் அடிதான், சாவும் அவர் அடிதான். காலையில் தப்பை நெருப்பில் காய்ச்சி எடுத்துக்கொண்டு தொங்குபாலத்தில் வந்து நின்றார்.

"மாப்ள, நீ பாட்டுக்கு வா. பாலத்துக்கிட்ட வர்றப்ப காவடிக்கு அடிக்கிற மாதிரி ஒண்ணு அடிச்சு விடுறேன்."

"வேணாம் மச்சான். நாலு பேரு பாப்பாங்க."

"பாக்கத்தானேய்யா அடிக்கிறது. நீ துடுப்பைப் புடி, நான் குச்சியப் புடிக்கிறேன்."

குளத்திலிருந்து பொடியன் முன்னால் போக, நான் பின்னால் போனேன். முதல் இறக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன், தப்பித்தேன். இரண்டாவதில் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன், அதுவும் தப்பித்தேன். மூன்றாவது இறக்கம் பாலத்துக்குச் சற்று மேலே. அங்கே தண்ணீர் என்னைக் கேட்காமலே படகைத் திருப்பிப் போட்டது. மூக்கு வழியாக ஆறு பாதி உள்ளே வந்தது. வாரை இழுத்தேன், வெளியே வந்தேன், லைஃப் ஜாக்கெட் என்னைக் கழுத்தோடு தூக்கி ஒரு பாறைக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டது. லயத்து அறை அளவு பாறை. அதன் பின்னால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமினேன்.

படகு எனக்காகக் காத்திருக்கவில்லை. கவிழ்ந்தபடியே பாலத்துக்குக் கீழே போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் ஆற்றின் இரைச்சலுக்கு மேலே தப்புச் சத்தம் கேட்டது. காவடி அடி இல்லை. சாவு அடி.

அடப் பாவமே, தோட்டத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தேன். மேல் லயத்தில் ஒரு பெரியவர் போன தீபாவளியிலிருந்தே போகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார், அவராகத்தான் இருக்கும். நல்ல மனுஷன். மத்தியானத்துக்குள் அங்கே போக வேண்டும், காய்ந்த சட்டை இருக்கிறதா என்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. சாவு வீட்டுக்கு மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார்கள், பாலத்தில் எனக்கு மேளம் கிடையாது.

பொடியன் என் படகைக் கீழே பிடித்து, பாறை பாறையாக இழுத்துக்கொண்டு மேலே வந்தான்.

"அண்ணா, சரியா?"

"சரி தம்பி. மேல யாரு செத்தது?"

"யாரும் சாகல்ல. ஏன்?"

"சாவுக்கு அடிக்கிறாங்களே."

அவன் காது கொடுத்துக் கேட்டான். "இதுவா? நல்லாத்தான் இருக்குது. ஆடலாம் போல. நான் பாலத்துக்கு சைன் குடுத்தேனே, நீங்க ஓகேன்னு."

"என்னா சைன்?"

காட்டினான். உள்ளங்கையைத் தூக்கித் தலை உச்சியில் வைத்தான். உலகம் பூராவும் படகுக்காரர்களுக்கு அது, ஆள் நலம் என்பதற்கான அடையாளமாம்.



"தம்பி, எங்காளுங்க தலையில கை வச்சா ஓகே இல்ல."

பாறை மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். மேல் மலையிலிருந்து கொழுந்து எடுக்கும் பெண்கள் சாரைசாரையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அடியைக் கேட்டால் எங்கள் தோட்டத்தில் யாரும் கையில் கொழுந்தை வைத்திருக்க மாட்டார்கள். பாலம் நிறைந்துவிட்டது. நடுவில் என் மனைவி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கரையோரப் பாதை பாலத்தடிக்குப் போகிறது. அதில் நடந்தால் அத்தனை பேருக்கும் நடுவில், பாவாடையோடு, நான் ஏன் சாகவில்லை என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டு போக வேண்டும். வேலையும் போய்விடும். படகில் போனால் பத்து விநாடி. தைரியம் என்று பிறகு பலர் சொன்னார்கள். அன்றைக்கு என்னிடம் இருந்தது கணக்கு மட்டும்தான். படகில் ஏறினேன்.

பாலத்தை நெருங்கும்போது ஒப்பாரி காதில் விழுந்தது.

"வாயத் தொறந்து கேக்காத மகராசா, ஒரு வாத்த அதட்டாத என் தொரையே..."

இருபத்தோரு வருடத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அவ்வளவும் அங்கேதான் கேட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்க ஆசையாக இருந்தது, ஆறு நிற்கவில்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ராகம் மட்டும் மாறவில்லை.

"அடப் படுபாவி மனுசா, படகுல ஒக்காந்து வர்றீங்களே, என் ஈரக்கொல நடுங்க வச்சிட்டு சொகமா வர்றீங்களே..."

மச்சானுக்குத் திரும்பி வருகிற ஆளுக்கு எதை அடிப்பதென்று தெரியவில்லை. பாதி சாவும் பாதி காவடியுமாக ஒன்று அடித்தார். யாரோ கைபேசியில் படம் எடுத்தார்கள். நான் குனிந்துகொண்டேன்.

இனித் துறையில் இறங்கினால் வேலை எனக்கு. ஆனால் எனக்கு முன்னால் பெண்கள் எல்லாரும் குறுக்குப் பாதையால் துறைக்கு வந்துவிட்டார்கள். பின்னாலேயே அவர்களை வேலை வாங்கும் கங்காணி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ஆளு உசுரோட இருக்கான்ல. எல்லாரும் மலைக்கு ஏறுங்க."

"அழுதாச்சு. தல முழுகாம எப்புடிங்க கொழுந்துல கை வைக்கிறது?" என்றாள் ஒருத்தி.

"யாரும் சாவலியேம்மா."

"அவரு சாவாதது எங்க குத்தமா? நாங்க மனசாரத்தான் அழுதோம்."

"ஏம்ப்பா, நீயாவது சொல்லேன்" என்று கங்காணி ஆற்றைப் பார்த்து என்னிடம் கேட்டார். நான் அக்கரையைப் பார்த்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு மேலே போனார். அது எந்த அர்த்தத்தில் என்று யாருக்கும் சந்தேகமில்லை.

பெண்கள் குளிக்க இறங்கினார்கள். மொத்த மலையும். நான் எங்கே போய் இறங்குவது? துறைக்கு முன்னால் ஒரு சின்னப் பாறை, அதன் பின்னால் ஒரு பாய் அளவுக்கு அடங்கின தண்ணீர். அதற்குள் படகை நுழைத்து, துறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓடும் வெள்ளம் படகின் மூக்கைக் கடித்து இழுக்கும். துடுப்பால் ஒரு தட்டு. பின்பக்கம் திரும்பப் பார்க்கும். இன்னொரு தட்டு. திரும்பிவிட்டால் என் நிலைமை என்ன என்று எனக்குத் தெரியும்.

"அந்தப் பக்கமே பாருங்க" என்றது மனைவியின் குரல். "கண்ணு இங்கிட்டு வந்துச்சுன்னா இன்னொருக்கா அழ வேண்டியிருக்கும்."

"அண்ணே, முதுகுக்கு சோப்பு வேணுமா?" என்றது வேறு ஒரு குரல். சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது.

அரைநாள் கிடைத்தவர்கள் அவசரப்படவில்லை. துணியும் துவைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பாயளவு தண்ணீரில் நின்றேன். கால் மரத்துவிட்டது. தோள் வலித்ததாக ஞாபகமில்லை. கடைசி வாளியும் லயத்துக்கு ஏறிப்போன பிறகு கரைக்கு வந்தேன்.

பொடியன் மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து, அவனும் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி வந்து படகைப் பிடித்தான்.

"திங்கக்கிழம வாங்க அண்ணா."

சரி என்றேன்.

"ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த எடத்தில எனக்கு அஞ்சு நிமிஷம் நிக்க ஏலாது. தண்ணி வெளிய தள்ளும். நீங்க இவ்வளவு நேரம் நின்னீங்க, ஒருக்காக் கூடத் திரும்பல்ல. எப்படி?"

அதை அவனுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. படகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினேன்.