அக்கா தினமும் திறந்த பக்கம்

மாட்டுத் தரகர் ஒருவர் வெப்சைட் வைத்திருக்கிறார் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவின் வீட்டுக்காரர் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வேறு வழியில்லாமல் அவர்களுடைய செவலை மாட்டை அந்தத் தரகரிடம் விற்றோம். மாமா அதைக் கன்றிலிருந்து கையால் தீனி ஊட்டி வளர்த்தவர். மாடும் போனது, மாமாவும் போய்விட்டார். தரகரோ மாட்டை யாருக்கும் கொடுக்காமல் தன் தொழுவத்திலேயே கட்டிக் கறந்துகொண்டிருந்திருக்கிறார். பிறகு ஒருநாள் அதன் படம் விற்பனைக்கு என்று அவருடைய வெப்சைட்டில் ஏறியது. மாட்டுக்கு ஒரு பக்கம். நம் போன் நம்பரைப் போட்டால்தான் திறக்கும். அக்கா நம்பரைப் போட்டாள். தினமும் பார்த்தாள். அதை எப்படியாவது திருப்பி வாங்கிவிட வேண்டும் என்றாள்.

வேலந்தாவளம் சந்தையில் ஒரு மாடு வேண்டுமென்றால் அதைப் பார்க்கவே கூடாது. வேறு மாடுகளின் வாயைத் திறந்து பல் பார்க்க வேண்டும், மடியில் குறை சொல்ல வேண்டும், கடைசியில் போகிற போக்கில் விசாரிப்பது போல வந்து நிற்க வேண்டும். விலையையும் வாயால் பேசமாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலால் பேசுவார்கள். எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

தரகர் செவலையைச் சந்தைக்கு ஓட்டி வந்த அன்று அக்காவும் அப்படித்தான் செய்தாள். செவலை அவளைக் கண்டுகொண்டு கயிற்றை இழுத்துக் கழுத்தை நீட்டியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்து எருமையின் கொம்பைத் தடவினாள்.

தரகர் சிரித்தபடி போனை எடுத்தார்.

"எதுக்குங்க அம்மிணி இந்த நடிப்பெல்லாம்? வேற ஒரு மாட்டையும் நீங்க தொறந்தே பாக்கலியே. காத்தால ஒருக்கா, பொழுதுசாய ஒருக்கா, இந்தச் செவலையத்தான பாத்திருக்கறீங்க. ஆரு எதப் பாக்கறாங்கன்னு எங்களுக்கு எல்லாம் வந்துருமுங்க."

திரையைக் காட்டினார். அக்காவின் நம்பருக்கு நேரே செவலை, செவலை, மறுபடியும் செவலை. சுற்றி நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு துண்டை விரித்துக் கையை நீட்டினார். உள்ளே விரல்கள் அசைந்ததும் அக்காவின் முகம் செத்துப்போயிற்று. எவ்வளவு கேட்டிருப்பார் என்று எனக்கு அதிலேயே புரிந்துவிட்டது.

கடைக்கு வருகிறவர் எந்த அலமாரி முன்னால் நிற்கிறார் என்று கடைக்காரர் கவனிக்கமாட்டாரா, இது வியாபாரம்தானே என்று என்னிடம் நியாயம் பேசியவர்கள் உண்டு. கவனிக்கட்டும். கடைக்காரர் நம்மைப் பார்ப்பது நமக்கும் தெரியும் அல்லவா? இவன், ஆமாம், இதற்குமேல் எனக்கு மரியாதை வரவில்லை, என் அக்கா தன் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து எதைப் பார்த்து அழுகிறாள் என்பதை அல்லவா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்! பார்த்து, அதற்கு விலையும் போட்டிருக்கிறான்.

அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் அக்கா துண்டை உருவி மாட்டின் முதுகில் வீசினாள்.

"ஆமாங்க, பாத்தேன். தெனமும்தான் பாத்தேன். என்ற ஊட்டுக்காரரு வளத்த மாடு, பாக்காம என்ன பண்ணுவேன்? நான் பாத்தத ஊருக்கே காட்டிப்போட்டீங்கல்ல? இப்ப என்ன வெல கேட்டீங்கன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. அன்னைக்கு இதே துண்டுக்கடியில எனக்கு என்ன குடுத்தீங்கன்னு நானும் சொல்றேன்."

சந்தை திரும்பிப் பார்த்தது. அன்று காலை அவனிடம் மாடு விற்றவர்கள் அங்கேயே நின்றிருந்தார்கள். வாங்கிய விலையும் விற்கிற விலையும் துண்டுக்குள் இருக்கும்வரைதான் அவன் பிழைப்பு.

"மெதுவாப் பேசுங்க அம்மிணி," என்றான்.

"சத்தமாச் சொல்லுங்க."

கடைசியில் அவன் வாய்விட்டுச் சொன்ன விலை, எங்களிடம் வாங்கியதற்குக் கொஞ்சம்தான் மேலே. கொடுத்துவிட்டுச் செவலையை ஓட்டிக்கொண்டு வந்தோம்.

அக்கா ஜெயித்துவிட்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள். மண்ணாங்கட்டி. நேற்று அவள் வீட்டுக்குப் போனபோது போனில் மாமாவின் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, இதப் பாத்தாலும் ஆருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாதுக்கா," என்றேன்.

அவள் என்னை நம்பவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து தொழுவத்துக்குப் போனாள்.