புடிங்க... தொடாதீங்க!

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் நடந்தது இது. கல்முனைக்குப் பக்கத்தில், கடற்கரைக்குப் போகும் வீதியில் இருக்கும் ஒரு பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நான் வேலை செய்கிறேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

வீட்டில் எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நான் பெற்றவள் இல்லை. பார்க்க ஆளில்லாமல் போன அவளைக் கோர்ட் மூலமாக நாங்கள் வளர்க்க எடுத்தோம். ஏழு வயது. பேச்சு வராது. சத்தம் தாங்க மாட்டாள். யாராவது திடீரென்று தொட்டால் உதறிக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடுவாள். இதற்கு ஊரில் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் அடித்து வளர்க்கச் சொல்வார், இன்னொருவர் ஓதிப் பார்க்கச் சொல்வார். "தொடாமக் கதைங்க" என்று நான் சொல்வது மட்டும் யார் காதிலும் ஏறாது. சொல்லி முடிக்குமுன் தலையைத் தடவிவிடுவார்கள்.

பகலில் அவளை என் மச்சி, கணவரின் தங்கைதான் பார்த்துக்கொள்வா. அன்றைக்கு மச்சிக்குக் காய்ச்சல். கணவரும் விடியவே வயலுக்குப் போய்விட்டார். "ஒரு நாள்தானே, இங்க கூட்டி வாகா" என்று என்னோடு வேலை செய்யும், நான் ராத்தா என்று கூப்பிடும் அக்கா சொன்னா. கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தாள். மூலையில் இருந்துகொண்டு ஃபேன் சுத்துவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால்மா முடிந்துவிட்டதென்று ராத்தா கடைக்குப் போனா. அந்த நேரம் பார்த்து ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழ, அதைக் கேட்டு மற்றதுகளும் தொடங்கிவிட்டன. ஒன்றைத் தோளில் போட்டு, இன்னொன்றைத் தொட்டிலில் ஆட்டிவிட்டுத் திரும்பினேன். மூலையில் மகள் இல்லை. கேட் கொக்கி போடாமல் இருந்திருக்கிறது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வீதியில் போகிறாள்.

ஓடத்தான் பார்த்தேன். கேட்டடியோடு கால் நின்றுவிட்டது. தோளில் ஒரு குழந்தை, உள்ளே தவழும் பிள்ளைகள். விட்டுவிட்டு எப்படி ஓடுவது? தொண்டை கிழியக் கத்தினேன்.

"அந்தப் புள்ளயப் புடிங்க! தொடாதீங்க! புடிங்க... தொடாதீங்க!"

ஒரு ஆட்டோ சடாரென்று பிரேக் அடித்து நின்றது. ஓட்டிவந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் வந்த ஒருவர் மட்டும் இறங்கி, மகளுக்குக் குறுக்கே சைக்கிளை நிறுத்தினார். கையை நீட்டவில்லை. அவள் நின்று சைக்கிள் சில்லையே, அந்தச் சக்கரத்தையே பார்த்தாள். அவர் மெல்ல உருட்டினார். சில்லைப் பார்த்தபடி அவளும் பக்கத்தில் நடந்தாள். இருவரும் கடற்கரைப் பக்கம் திரும்பி மறைந்துவிட்டார்கள்.

ஊர் பேர் தெரியாத ஒரு மனுசனோடு என் புள்ள போகிறாள். நான் நிற்கிறேன். ராத்தா வரும்வரை நான் பட்ட பாட்டை அல்லாஹ்தான் அறிவான். ஒருத்திக்கு மூக்கைத் துடைத்தேன், ஒருத்தனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். என் வயிற்றில் பிறந்தவளாக இருந்தால் ஓடியிருப்பேனோ என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

ராத்தா வந்ததும் குழந்தையை அவ கையில் கொடுத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். கடற்கரையில் ஒரு தோணியின் நிழலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அவர் பெடலைச் சுத்திக்கொண்டிருந்தார். சுழலும் சில்லுக்கு முன்னால் மகள் குந்தியிருந்தாள். சூடை மீன் பெட்டி வெயிலில் கிடந்தது.

"அண்ணன், உங்கட மீன்..." என்றேன். அழுகை வந்துவிட்டது.

"மீன் கிடக்கட்டும் தங்கச்சி. திருப்பிக் கூட்டிவரப் பாத்தன், புள்ள வரல்ல. தண்ணிப் பக்கம் போயிருமோ எண்டு பயத்தில இதச் சுத்திக்கொண்டே இரிக்கன்."

"இவவ இப்பிடித்தான் பாக்கணும் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? தொடாதீங்க எண்டு நீங்கதானே கத்தினீங்க."

பக்கத்து ஊரான பாண்டிருப்பு ஆள் என்று சொன்னார். பெட்டியைத் திரும்பக் கட்டிக்கொண்டு, நிலையத்து வாசல் வரைக்கும் மகளோடு சைக்கிளை உருட்டி வந்துவிட்டுத்தான் மீன் விற்கப் போனார்.

பின்னேரம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் ஓடவில்லை என்று கேட்பாரோ என்று பயம். கேட்கவில்லை. "அந்தப் புள்ளைகள்ற உம்மாமாரும் ஒன்ன நம்பித்தானே விட்டுட்டுப் போறாங்க" என்றார். நிலையத்தில் கேட்டுக்கு உயரத்தில் இன்னொரு கொக்கி போட்டார்கள். நான் அரைநாள் வேலைக்கு மாறிக்கொண்டேன். கை கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் பகல் சாப்பாட்டுக்கு மகளோடு இருக்கிறேன்.

பெற்றிருந்தால் ஓடியிருப்பேனா என்று இன்றைக்கும் சில இரவுகளில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இத்தனை பேர் எனக்குப் புத்தி சொன்ன இடத்தில், நான் சொன்னதை அப்படியே நம்பி நடந்த அந்த மனிதரை மறக்க முடியவில்லை. இப்போது காலையில் ஒரு தாய் வாசலில் நின்று தன் பிள்ளையைப் பற்றி எவ்வளவு சின்ன விஷயம் சொன்னாலும், அதை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பிள்ளையைக் கையில் வாங்குகிறேன்.