கொக்கிலமேட்டுச் சம்பந்தியும் ருபீடியம் பெட்டியும்

என் அக்கா வச்சலாவின் வீட்டுக்காரர் பூவராகவன் மாமா செங்கல்பட்டில் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடி இல்லை, சீட்டு இல்லை. அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் சரியான நேரம்.

திருக்கழுக்குன்றத்தில் அவர் வீட்டு மாடி அறையில் ஒரு ருபீடியம் பெட்டி இருக்கிறது. செல்போன் கோபுரத்திலிருந்து கழற்றிய சரக்கு, சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கியது. நொடியை அளந்து கொடுப்பது அதன் வேலை. மூவாயிரம் வருஷத்துக்கு ஒரு நொடிதான் பிசகுமாம். அதை அணைக்கவே கூடாது. கரண்ட் போனால் மின்விசிறி நிற்கும், ஃபிரிட்ஜ் நிற்கும், இன்வெர்ட்டரில் பெட்டி மட்டும் சுகமாக ஓடும். சக்களத்தி என்றால்கூட ராத்திரியில் தூங்குவாள், இது தூங்குவதில்லை என்று அக்கா புலம்புவாள்.

அடுத்தது கடிகாரம். ஜெர்மனியில் ஒரு நிலையம் ரேடியோ அலையில் நேரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அங்கே விற்கும் சுவர்க் கடிகாரம் அந்த அலையைப் பிடித்துத் தன் முள்ளைத் தானே திருத்திக்கொள்ளும். மாமா அப்படி ஒன்றை வரவழைத்தார். அந்த அலை நம் ஊருக்கு எட்டாது என்பது பேட்டரி போட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. முட்கள் விறுவிறுவென்று ஓடிப் பன்னிரண்டில் நின்று, ஜெர்மனி கூப்பிடட்டும் என்று காத்திருந்தன. வேறு யாராவது என்றால் பரணில் போட்டிருப்பார்கள். மாமா அதே அலையை ஒரு கூடத்துக்குள் மட்டும் எட்டும்படி அனுப்ப ஒரு குட்டிப் பெட்டி செய்து, ருபீடியத்தோடு இணைத்தார். முட்கள் மறுபடி ஓடி நம்மூர் நேரத்தில் நின்றன. மாமா அழுதுவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஊர் மலைக்கோயிலில் உச்சி வேளைச் சோற்றுக்கு வந்துகொண்டிருந்த கழுகுகள் வராமல் போனதற்கும் அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். நம்மூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, பெரும்பாலும் பத்து நிமிஷம் தள்ளித்தான். கழுகுகள் சூரியனைப் பார்த்து வந்தனவாம், சோறு கடிகாரத்தைப் பார்த்து வைக்கப்பட்டதாம், கோபித்துக்கொண்டு போய்விட்டனவாம். இதை அவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்கு எங்கள் பக்கத்து வழக்கம் எப்படிப் பொறுக்கும்? எங்கள் வீடுகளில் கடிகாரத்தை வேண்டுமென்றே பத்து நிமிஷமோ கால் மணியோ முன்னால் தள்ளி வைப்போம். பார்க்கிறவர் மனசுக்குள் கழித்துக்கொள்வார். கழிப்பது தெரிந்தும் ஏன் தள்ளி வைக்கிறோம் என்று மாமா கேட்காத வீடு இல்லை. பதில் சொன்ன வீடும் இல்லை.

அவருடைய ஒரே மகள் அனு காதலித்தது கொக்கிலமேட்டுச் சரவணகுமாரை. அவன் தொழிற்சாலை பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று அவன் அம்மா கண்ணகி வீட்டுக் கடிகாரத்தைக் கால் மணி முன்னால் வைத்திருந்தாள். செல்போனையும் விடவில்லை. மாமல்லபுரத்தில் மீன் விற்கும் அந்த அம்மாவிடம் நாலு வருஷம் கெஞ்சித்தான் சம்மதம் வந்தது. அதுவும் ஒரு நிபந்தனையோடு.

"ராவு காலத்துல மட்டும் தாலி ஏறக் கூடாது. நேரம் தப்புச்சின்னா என் புள்ளைய எழுப்பி இட்டுகினு பூடுவேன்" என்றாள்.

திங்கட்கிழமை முகூர்த்தம். ஏழரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். மாமா முதல் நாளே ருபீடியத்தையும் குட்டிப் பெட்டியையும் மண்டபத்துக்குக் கொண்டுவந்து மணமேடைக்கு அடியில் வைத்தார். ஜெர்மன் கடிகாரத்தை எதிர்ச் சுவரில் மாட்டினார். இனி நேரம் தப்பவே தப்பாது என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

காலையில் கடிகாரம் ஏழு பத்து காட்டியது. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் சின்னராசு பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் பந்தியில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐயர் பறந்தார். ஐயர் பறக்காத கல்யாணம் எது, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணகி கடிகாரத்தைப் பார்த்தாள், கழித்தாள், இன்னும் ஏழுகூட ஆகவில்லை என்று தம்பிக்கு இன்னொரு கரண்டி போடச் சொன்னாள்.

மாமா பந்திக்கு ஓடினார். இந்தக் கடிகாரம் பிசகாது என்றார். எல்லா வீட்டுக் கடிகாரத்தையும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள் கண்ணகி. மாமா தன் போனை நீட்டினார். அதிலும் கழித்தாள்.

"இன்னா சம்மந்தி, எனுக்குத் தெரியாதா? டைம் கீது, பதறாத" என்றாள்.

அந்தக் கூட்டத்தில் கழிக்காமல் நேரம் பார்த்தவள் அனு ஒருத்திதான். அப்பா வைத்த நேரம் என்றால் அதுதான் நேரம் என்று வளர்ந்த பெண். மணையில் உட்கார்ந்து முள்ளையே பார்த்து வெளுத்துப்போயிருந்தாள். மாமா அவள் முகத்தைப் பார்த்தார்.

மேடைக்கு அடியில் நானும் அவரும் தவழ்ந்து போனோம். குட்டிப் பெட்டியில், சோதனைக்காக, நேரத்தைக் கையால் மாற்றும் பித்தான் ஒன்று இருந்தது. மாமா அதில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்க" என்றார்.

திரும்பிக்கொண்டேன். கால் மணி முன்னால் தள்ளினார். பிறகு நான் ஏணியைப் பிடிக்க, மேலே ஏறிக் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி மறுபடி போட்டார். புது நேரத்தை உடனே பிடிக்கட்டும் என்ற அவசரத்தில், அதற்கு முன் அது எங்கே போய் நிற்கும் என்பதை அவரே மறந்துவிட்டார். மண்டபமே பார்க்க, முட்கள் தலைதெறிக்க ஓடிப் பன்னிரண்டில் நின்றன.

நாயனக்காரர் வாசிப்பை நிறுத்தினார். கண்ணகி பந்தி வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். அப்போதும் பழக்கம் விடவில்லை.

"அடப்பாவிங்களா, கழிச்சாலும் பதினொன்னே முக்கால் ஆவுது, உச்சி தாண்டறதுக்குள்ள கட்டுங்க" என்று தம்பியின் எச்சில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வெளியே இளவெயில்தானே அடிக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐயர் கெட்டி மேளம் என்று கத்தினார், தாலி ஏறியது.

அட்சதை விழுந்துகொண்டிருக்கும்போதே முட்கள் மறுபடி ஓடி ஏழு முப்பத்தைந்தில் நின்றன. ராகு காலம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். கண்ணகி திரும்பி முறைத்தாள்.

"அது பாஸ்ட்டு. மணி ஏழு இருவதுதான். என் மருமவளுக்கு நல்ல நேரத்துலதான் தாலி ஏறிச்சு" என்றாள்.

மாமாவின் கடிகாரத்தில் அந்த அம்மாவுக்கு முதன்முதலாகச் சரியான நேரம் தெரிந்தது அப்போதுதான்.

அனு வந்து அப்பாவின் காலில் விழுந்து எழுந்தாள். கடிகாரத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் கழிக்கத் தெரியாது, ஆனால் அப்பா முகத்தைப் படிக்கத் தெரியும்.

"அப்பா, தப்பா வச்சியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மாமா தலையாட்டினார். வாய் கோணிக்கொண்டு போனது.

"கால் மணிதாம்மா. சீர்ல சேத்துக்க" என்றார்.

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். புகுந்த வீட்டுக்குப் போகிற பெண் அழுகிறாள் என்று எல்லோரும் தேற்றினார்கள்.