ஒரே குடையும் ஒரே ஆண்டவரும்

அம்மாவின் உள்ளங்கையில் எப்போதும் மண்ணெண்ணெய் வாசம் இருக்கும். ஸ்டவ்வை அணைத்துவிட்டு முந்தானையில் துடைத்த அந்தக் கையை எஸ்தர் அக்காவின் தலையில் வைத்து, “கர்த்தாவே, பிள்ளை கூடவே போம்” என்று அவள் ஜெபம்பண்ணி அனுப்பும் ஒவ்வொரு காலையிலும் எனக்கு வயிறு எரியும்.

அறுபதுகளில் பம்பாய்த் தாராவியில், அப்பா வேலை பார்த்த தோல் பதனிடும் கொட்டகைக்குப் பின்புறம் எங்கள் ஒற்றை அறை. அக்கா தண்டவாளம் தாண்டிப் போய் மாட்டுங்காவில் படித்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வராத நான் வீட்டில் கிடந்தேன். அந்தத் தண்டவாளத்தை நினைத்துத்தான் அம்மா அப்படி ஜெபித்தாள் என்பது எனக்கு எங்கே தெரியும்? ‘கூடவே போம்’ என்றால் கர்த்தர் செருப்பை மாட்டிக்கொண்டு அக்காவோடு கிளம்பிவிடுகிறார் என்றும், சாயங்காலம்தான் திரும்புவார் என்றும், அதுவரை எனக்கென்று யாரும் இல்லை என்றும் நானாகவே முடிவு கட்டியிருந்தேன். ‘பாரிஷ்’ என்று ஊரே சொல்லும் மழைக்காலம் தொடங்கிவிட்டால் இன்னும் மோசம். வீட்டிலிருந்த ஒரே குடையும் அவளுக்கு, ஒரே ஆண்டவரும் அவளுக்கு. அவள் போட்டுக் கழித்த கவுனோடு வாசலில் நின்று, அந்தக் கறுப்புக் குடை சந்து திரும்பும்வரை முறைத்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் விடாத மழையில் ‘நாலா’ என்ற பெரிய கழிவுநீர்க் கால்வாய் நிரம்பி, சாக்கடைத் தண்ணீர் வாசற்படிவரை ஏறிவிட்டது. ரயில் நின்றுவிட்டது என்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு வெகுநேரமாகியும் அக்கா வரவில்லை. அம்மா என்னைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்து, “எறங்காத, என்ன? நான் போயி அக்காளக் கூட்டிட்டு வாரேன்” என்றாள். பிறகு, நான் ஏங்கிக் கிடந்த அந்தக் கை என் தலைமேல் வந்தது. “கர்த்தாவே, இவ கூடவே இரும்.”

கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. அவர் இங்கே என்னோடு உட்கார்ந்துவிட்டால், வெள்ளத்தில் அக்கா கூட யார்? அம்மா போனதும், “நான் இருந்துக்கிடுதேன், நீரு அக்காட்ட போம்” என்று அழுதுகொண்டே அவரை அனுப்பிவைத்தேன். பின் கண்ணை இறுக மூடி, அறை வெறிச்சென்று ஆகிவிடும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டுதான் இருந்தது. பயம் மட்டும் எங்கோ போயிருந்தது.

இருட்டும் வேளையில் இருவரும் தொப்பலாக நனைந்து வந்தார்கள். குடைக்கம்பி முறிந்து தொங்கியது. அக்கா ஏதோ கடைப்படியில் ஏறி நின்றிருந்தாளாம், அழவே இல்லையாம்.

“பயமா இல்லியா?” என்று கேட்டேன்.

“அவரு கூட இருந்தாருல்லா” என்றாள், ரிப்பனைப் பிழிந்தபடி.

“நான்தான் அனுப்பிவெச்சேன்!” என்று கத்தினேன். அப்போதும் பெயர் அவளுக்கா என்ற ஆத்திரம் எனக்கு. நடந்ததை விசாரித்துத் தெரிந்துகொண்ட அம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏளா, அவரு என்ன நம்ம வீட்டுக் கொடையா, ஒருத்தி கொண்டுபோனா இன்னொருத்திக்கு இல்லாமப் போக?”

அந்தச் சந்து இப்போது இல்லை. கொட்டகைகளும் தோல் வாடையும் போய், அங்கே அடுக்குமாடி நிற்கிறது. அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. சென்ற மழைக்காலத்தில் எஸ்தர் அக்காவும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அன்று அவர் அவளோடு போனார், இன்று அவள் அவரோடு போயிருக்கிறாள். இதிலும் அவளே முந்திக்கொண்டாள் என்று எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது. செம்பூர் வீட்டில் நான் மட்டும்தான். மழை வலுக்கும்போதெல்லாம் மகள் போன் செய்து, “தனியாவாம்மா இருக்க?” என்று கேட்கிறாள். ‘ஆமாம்’ என்று சொல்ல எனக்கு இதுவரை வாய் வந்ததில்லை.